கழுத்து டாக்டர் கண்டுபிடித்த நோய்

மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த கழுத்து டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை. நாற்பத்தெட்டு.

தைராய்டு ஆராய்ச்சியில் இருபது வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பார் என்பதால் அந்தப் பெயர். ஆராய்ச்சி நிலையத்தில் அவர் எதிரே எச்சில் விழுங்கக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். அவர் வீட்டிலேயே ஒரு தைராய்டு சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் வெளியே தலைகாட்ட முடியுமா?

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தால் அதை விரட்ட மூளை அனுப்புகிற ஹார்மோனின் அளவுதான் அந்த எண். நான்கைத் தாண்டக் கூடாது. முதல் முறை பார்த்தபோது மனைவிக்கு ஏழு இருந்தது. பெரிய விஷயமில்லை என்று மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்தில் அது இறங்கியிருக்க வேண்டும்.

"மாத்திரைய ஒழுங்கா போடறியா?"

"நீங்கதானே தினமும் வாயில போட்டு, நாக்கத் தூக்கிக் காட்டுன்னு பாக்கறீங்க."

அதுவும் வாஸ்தவம்தான். டாக்டர் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினார்.

அடுத்த ஆறாவது வாரம் மனைவியை ஆராய்ச்சி நிலையத்தின் ரத்தம் எடுக்கும் அறைக்கு அழைத்துப் போனார். அந்த அறைக்குப் பொறுப்பு லேப் அக்கா. நாற்பது வயதுக்காரி. ஊரே வேர்த்துக் கொட்டும்போதும் தடிமனான ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். ஒரு ஊசியை உறையிலிருந்து பிரிப்பதற்குள் பார்ப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வேலை நேரத்தில் தூங்கியதற்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று என்று டாக்டர் ஏற்கனவே இரண்டு மெமோ கொடுத்திருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் கைய கால ஆட்டித்தான் வேலை செய்யுங்களேன்."

"ஒரே அசதியா இருக்கு சார்," என்றாள் லேப் அக்கா, கரகரத்த குரலில்.

"அசதி இல்லம்மா, சோம்பல். அதுக்கு நான் இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கல."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அவர் கூட இருப்பதில்லை. முதல் முறை ஊசி குத்தியதும் மனைவி மயங்கி விழுந்து, தட்டையெல்லாம் கவிழ்த்து ரகளையாகிவிட்டது. "தைராய்டு டாக்டர் பொண்டாட்டி ஊசிக்கு விழுந்தாங்கற பேச்சு எனக்குத் தேவையா?" என்று ஒரு அதட்டுப் போட்டார். அன்றோடு பயம் பறந்துவிட்டது. இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு போகிறவள், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி சிரித்த முகமாக வருகிறாள். இதை அவர் கேண்டீனில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

முடிவு வந்தது. அறுபத்தொன்று.

மாத்திரை மறுபடி ஏறியது. அடுத்த முறை எண்பது. டாக்டருக்குத் தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. மாத்திரை இன்னும் ஏறியது.

வீட்டில் நடந்ததோ வேறு. காலை ஐந்து மணிக்கே மனைவி திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். ஆறு மணிக்கு அலமாரியை ஒற்றை ஆளாக நகர்த்தினாள். ஏழு மணிக்கு அது பழைய இடத்திலேயே நன்றாக இருந்தது என்று திரும்பத் தள்ளினாள். உடைகள் தொளதொளத்தன. காபி கொண்டுவந்தால் பாதி சாஸரில் இருந்தது.

"ஏங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. பொட்டுத் தூக்கம் இல்ல. மாத்திரை ஜாஸ்தியாயிடுச்சோன்னு பயமா இருக்குங்க."

"எண் எண்பதுல நிக்குது. ஜாஸ்தியாம். ரத்தம் சொல்றத நம்பறதா, நீ சொல்றத நம்பறதா?"

"என் நெஞ்சு அடிக்கிறது எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதுக்குத்தான் நாங்க படிச்சிருக்கோம்."

அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நிமிஷத்துக்கு நூற்றுப் பதினெட்டு. வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் பதறியிருப்பான். இவர் குதூகலித்தார். உடம்பில் ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதற்கான அறிகுறிகள், ரத்தத்தில் ஹார்மோனே போதாது என்கிற எண். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சேர்க்கை. அப்படியானால் இது புது நோய். புது நோய்க்குக் கண்டுபிடித்தவர் பெயரைத்தான் வைப்பார்கள்.

அன்றைக்கே கட்டுரை எழுத உட்கார்ந்தார். தலைப்பில் தன் பெயரை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு மட்டும் நான்கு நாள் ஆனது. மனைவியின் பெயர் 'நோயாளி ஒன்று' என்று ஆகிவிட்டது.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது," என்று ஒரு நாள் வந்து நின்றாள் நோயாளி ஒன்று.

"நிலையத்து வருடாந்தரக் கூட்டத்துல கட்டுரைய வாசிச்சு முடிக்கறேன். முடிஞ்ச கையோட மாத்திரைய இன்னும் கொஞ்சம் ஏத்திடறேன்."

"இன்னுமா? என்னைக் கொல்லாம விடமாட்டீங்க போலிருக்கே."

"அந்த எரிச்சலும் நோயோட அறிகுறிதான்," என்று அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கூட்டத்துக்கு அரங்கு நிறைந்துவிட்டது. டாக்டர் திரையில் எண்களை ஓட்டினார். ஏழு, நாற்பத்தெட்டு, அறுபத்தொன்று, எண்பது, தொண்ணூற்றிரண்டு. முன்வரிசையில் மனைவி ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டு, முழங்காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இன்றைக்கு இவர் ஜெயித்துவிட்டால், நாளைக் காலை வாயில் விழப்போகும் மாத்திரையை அவள் இருதயம் தாங்குமா என்று தெரியவில்லை.

கைதட்டல் அடங்கியதும் நிலையத்தின் இயக்குநர் எழுந்தார். லேசில் எதையும் நம்பாத பெண்மணி.

"எண்ணையும் பாக்கறேன், இந்த அம்மாவையும் பாக்கறேன். ரெண்டும் ஒட்டலயே டாக்டர்."

"அதுதான் மேடம் கண்டுபிடிப்பே."

"அப்ப இங்கேயே, எங்க கண் முன்னாடி ஒரு தடவை ரத்தம் எடுங்க. முடிவு வந்ததும் உங்க பேரையே வச்சிடலாம்."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. லேப் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து வர அவள் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். உப்பிய முகமும் பாதி மூடிய கண்ணுமாக, ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு, தட்டோடு மேடை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"மன்னிக்கணும், இவங்க வேகம் இவ்வளவுதான். மூணாவது மெமோ மேஜைல இருக்கு," என்று டாக்டர் ஒலிபெருக்கியில் சொல்ல, தைராய்டு நிபுணர்கள் நூற்றைம்பது பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மனைவி எழுந்தாள். ஊசியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"பயப்படாம வா. உனக்கென்ன, பழகிப்போனதுதானே," என்றார் டாக்டர் பெருமையாக.

லேப் அக்கா தட்டை மேஜையில் வைத்தாள். நோயாளிக்காகப் போட்டிருந்த நாற்காலியில் மெதுவாகத் தானே உட்கார்ந்து, ஸ்வெட்டரின் கையைச் சுருட்டி மேலேற்ற ஆரம்பித்தாள்.

"ஏம்மா, நீங்க ஏன் அங்க உக்காரறீங்க?"

"அம்மாவுக்குத்தான் ஊசின்னா மயக்கம் வந்துடுமே சார்," என்றாள் அவள். "எப்பவும் போல என் ரத்தத்தையே எடுத்துத் தர்றேன்."