சிக்னல் அண்ணையும் பாரிஸ் ராகுகாலமும்

லண்டனில் சரியான நேரம் தெரிந்த ஒரே மனிதர் சிக்னல் அண்ணைதான். மற்ற எல்லாரும் உத்தேசமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இல்ஃபோர்டில் நாங்கள் பிரம்மச்சாரிகள் சிலர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணைதான் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். அவரிடம் உள்ளங்கையளவில் ஒரு பயண அலாரம் மணிக்கூடு இருந்தது. நாம் கை வைக்கவே தேவையில்லை. வடக்கே கம்பிரியாவிலிருந்து ரேடியோ அலையில் வரும் நேரத்தைப் பிடித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அக்டோபரில் நாடே ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும் ஞாயிறன்று, அது தானாக மாறியிருப்பதைக் காட்டி எங்கள் எல்லாருக்கும் தேநீர் ஊற்றித் தருவார். பெற்ற பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணியதுபோல் ஒரு பூரிப்பு!

ஒரே குறை, அந்த வீட்டில் சிக்னல் வருவது கழிவறை யன்னலில் மட்டும்தான். காலையில் வேலைக்கு ஓடவேண்டிய நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்போம்.

“அண்ணை, உள்ளுக்கு என்ன செய்யிறியள்?”

“பொறு தம்பி, சிக்னல் எடுக்கிறன்.”

பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

இந்த மணிக்கூட்டால் அவருக்குக் கல்யாணமே ஒப்பேறவில்லை. டூட்டிங்கில் பெண் பார்க்கப் போன இடத்தில், தகப்பன் பேசிக்கொண்டிருக்கும்போதே கதிரையில் ஏறி அவர்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைத் திருத்தினார். பார்க்கிங் என்ற ஊரில் பார்த்த இடத்தில், “உங்கடை நேரம் பிழை ஐயா” என்றே பேச்சைத் தொடங்கினார். கடைசியில் ஊரிலிருந்து அக்கா போன் எடுத்து அழுதார். பாரிசில் ஒரு இடம் பொருந்தியிருக்கிறது, இதையும் கெடுத்தால் இனிப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். அண்ணையின் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் என்று நான் ஒருவன் கூடப் போனேன். ஞாயிறு பின்னேரம், ராகுகாலத்துக்கு முன் வரவேண்டும் என்பது பெண்வீட்டாரின் கட்டளை. பாரிசில் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் கூட. என் போன் தானாக மாறிவிட்டது. அண்ணையின் மணிக்கூடு அசையவில்லை.

“அண்ணை, பிந்திப்போச்சு, வெளிக்கிடுங்கோ!”

“போன் பொய் சொல்லும் தம்பி. இது இங்கையும் சிக்னல் பிடிச்சிட்டுது, பார்!”

பிடித்தது உண்மைதான். கடல் தாண்டி வந்தும் லண்டன் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

தங்கியிருந்த அறையில் ஆற அமரச் சவரம் செய்து போய்ச் சேர்ந்தால், பெண்ணின் தகப்பன் இடுப்பில் கை வைத்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

“ராகுகாலம் துவங்கிட்டுது தம்பி. இனி உள்ளுக்கு எடுக்க ஏலாது.”

அண்ணை கோட்டுப் பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்து நீட்டினார். “இன்னும் நேரம் கிடக்கு ஐயா.” பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. பெண் வாசலுக்கே வந்துவிட்டார்.

“அப்பா, ராகுகாலம் எங்களுக்குத்தானே. அவருக்கு இன்னும் துவங்கேல்லையாம். வரச் சொல்லுங்கோ.” மணிக்கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதிலை பாரிஸ் நேரம் வைக்க ஏலாதோ?”

“வைக்கலாம். ஆனா விடிய முன்னம் அது திரும்ப லண்டனுக்குப் போயிடும்.”

“அப்ப நான் அங்கை வாறதுதான் சுகம்.”

தகப்பன் வழி விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“தம்பி, அவா சிரிச்சது பகிடிக்கோ, இல்லாட்டி என்னைப் பிடிச்சோ?”

“பிடிச்சுத்தான் அண்ணை.”

இல்ஃபோர்ட் வரும்வரை திரும்பத் திரும்ப அதையே கேட்டார். எனக்கு ஒரு தடவைகூட அலுக்கவில்லை.