எதிர் வேட்பாளர் என் மனைவி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இனி நான்தான் செயலாளர் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான் மட்டும்தான். முப்பத்தோரு வருடம் பத்திரிகையில் அடுத்தவர் எழுத்தைத் திருத்தி ஓய்வு பெற்றவன். நாலு மாதமாக என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. செயலாளரானால் குப்பைத்தொட்டி வைப்பதற்குக்கூட என்னைத்தான் கேட்டாக வேண்டும்.

மனு கொடுத்த மறுநாளே தலையில் இடி. எதிர்த்து நிற்பது ஒரே ஒருவர். என் மனைவி.

எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை, நாலு மாடி ஏறி முட்டி தேய்ந்துவிட்டது என்றாள். நான் செயலாளரானால் லிஃப்ட் வராதாம், லிஃப்ட்டைப் பற்றிய அறிக்கைதான் வருமாம். தமிழில் அவளை ஜெயித்தவர் கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் இறங்கினேன்.

போட்டியிலிருந்து ‘புல் அவுட்’ செய்ய விரும்புவோர் மாலை ஆறு மணிக்குள் எழுதித் தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். அது எப்பேர்ப்பட்ட சொல் தெரியுமா என்று ஆரம்பித்தேன். ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பினால் புல் அவுட். படை பின்வாங்கினால் புல் அவுட். பல்லைப் பிடுங்கினாலும் அதுவே. பத்திரிகை நடுவிலிருந்து உருவி எடுக்கிற இணைப்புக்கும் அதுதான் பெயர். அரை மணி நேரம் விளக்கினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப விலகுறதும் கௌரவமான காரியம்தாங்கறீங்க.”

“பெரிய பெரிய படையே செஞ்சிருக்கு.”

“சரி, லெட்டர் எழுதறேன். நீங்க ஒரு தடவை பார்த்துக் குடுத்துடுங்க.”

முப்பது வருடக் குடித்தனத்தில் என் முதல் வெற்றி.

அவள் நீட்டியது மூன்று பக்கம். இன்னாரின் மனைவியாகிய இன்னார் என்று தொடங்கி, முட்டிவலிக்கே ஒரு பக்கம். திருத்துகிறவனுக்கு ரத்தம் கொதிக்காதா? அடியில் கையெழுத்து வரும்போது மேலே பெயர் எதற்கு? வெட்டினேன். முட்டிவலி செய்தியா? வெட்டினேன். மிஞ்சியது வைரம்போல ஒரே வாக்கியம்: ‘என்னைவிடத் தகுதியில் மேலானவர் களத்தில் இருப்பதை உணர்ந்து, இப்போட்டியிலிருந்து மனமுவந்து விலகிக்கொள்கிறேன்.’ அந்த ‘மேலானவர்’ என் சொந்தச் சரக்கு.

புதுத் தாளில் நானே அழகாகப் பிரதி எடுத்தேன். சரிபார்த்த பக்கத்தின் அடியில் கையெழுத்திடாமல் ஒருநாளும் அச்சுக்கு அனுப்பியதில்லை நான். கை தானாகப் போனது. போட்டேன்.

தேர்தல் அதிகாரி மூன்றாம் மாடிப் பல் டாக்டர். நானே கொடுக்கிறேன் என்றேன். ஒரு மாடிதானே, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அவளே எடுத்துப் போனாள்.

ஏழு மணிக்குக் கூட்டம். சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். டாக்டர் கடிதத்தை வாசித்தார். கைதட்டல் அடங்கவில்லை. இப்படியொரு நடையைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்றார் இரண்டாம் மாடி வக்கீல். எனக்கு நெஞ்சு ஓரடி விரிந்தது. எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டேன்.

அப்புறம்தான் டாக்டர் அடியிலிருந்த பெயரைப் படித்தார். என் பெயர்.

மேடையேறப் போனவள் என்னருகே ஒரு கணம் நின்றாள்.

“நீங்க எழுதினதுல நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலைங்க” என்றார் செயலாளர்.