பாதிப் பக்கத்தைப் பிடுங்குகிறவர்

நின்றுபோன மெஷினைப் பார்த்தால் கை அரிக்கும் ஓர் இனம் இருக்கிறது. மோட்டார் நின்றால் ஸ்டார்ட்டரைத் தட்டும், டிவி நின்றால் அதன் முதுகில் அறையும், பஸ் நின்றால் இறங்கிப் போய் டிரைவருக்கே கியர் போடச் சொல்லிக் கொடுக்கும். ஏன் நின்றது என்று மட்டும் ஒருநாளும் கேட்காது. கேட்டால் மரியாதை குறைந்துவிடும் அல்லவா?

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே லூர்தம்மாளின் ஜெராக்ஸ் கடையில் அன்று நின்ற சோலைமலை இந்த இனத்தின் தலைமகன். ஆதார் நகல் எடுக்க வந்தவர், எடுத்த பிறகும் போகவில்லை. அருகே குஜிலியம்பாறை மகேஸ்வரி. கோயம்புத்தூரில் அவள் நான்கு வருடம் வேலை பார்த்த மில், அனுபவச் சான்றிதழை ஃபேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆபீஸ் இன்னும் ஃபேக்ஸை விட்டுப் பிரியவில்லை. நான்கரைக்குப் பூட்டியும் விடும். ஐந்து மணிக்குள் சான்றிதழைக் கொடுத்தால்தான் அவளுக்குப் புது வேலை.

பாதிப் பக்கம் அடித்ததும் தாள் சிக்கிக் கடையின் ஃபேக்ஸ் மெஷின் நின்றது.

“கை வைக்காதீங்கண்ணே,” என்றார் லூர்தம்மாள். “முழுசும் அதுக்குள்ள பத்திரமா இருக்கு. வேற தாள் வச்சா அந்தப் பக்கத்த முதல்லருந்து அடிக்கும்.”

“இதுல பாதி அடிச்சிருக்குல்ல? எதுக்கு இன்னொரு தாளு? மிச்சத்த இதுலயே அடிக்கும். நான் பாக்காத மெஷினா?”

பிடுங்கினார். தொடையில் வைத்து நீவினார். அதே தாளைத் திரும்பச் செருகினார். மெஷின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. எழுத்தின்மேல் எழுத்து. புகைப்படத்தில் மகேஸ்வரிக்கு நான்கு கண்.

“சூடாயிருச்சு!” என்று பாதியிலேயே பிளக்கையும் பிடுங்கினார். பழைய மெஷின், மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்தது.

மகேஸ்வரி மில்லுக்குப் போன் அடித்தாள். மணி நான்கு நாற்பது.

“யாரும் எடுக்கலக்கா.”

“விடு தாயி,” என்றார் சோலைமலை. “பேரு தெரியுதுல்ல?”

“தெரியுதுண்ணே. ரெண்டு தடவ தெரியுது. மேனேஜர் கையெழுத்துதான் வரல.”

“இந்த மெஷினே சரியில்லம்மா, மாத்திரு,” என்று லூர்தம்மாளுக்கு யோசனை சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். இந்த இனம் தோற்றதே கிடையாது. தோற்பது எப்போதும் மெஷின்தான்.

சிரிக்கிறீர்கள். போன வாரம் ஏடிஎம் சற்று நேரம் யோசித்தபோது, இருந்த பொத்தானையெல்லாம் அமுக்கிவிட்டு, “மெஷின் ரிப்பேரு” என்று சொல்லி நகர்ந்தீர்களே, உங்களுக்குப் பின்னால் அவசரமாக நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தீர்களா?