பீட்டா அண்ணனும் பத்துக் கோடும்

வீடியோவில் படத்தைப் பார்க்காமல், திரையில் படத்தை வரையும் குறுக்குக் கோடுகளை மட்டும் பார்த்த மனிதர், உலகத்திலேயே எங்கள் பீட்டா அண்ணன் ஒருவர்தான். மம்பாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் அவருக்கு வேலை. ஊரே வி.எச்.எஸ்.ஸுக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் சின்ன கேசட்டான பீட்டாவை விடவில்லை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

“பெரிய கேசட்ட விட நம்மளுதுல பத்துக் கோடு கூடுதல்லா! கோடு கூடினா படம் தெளிவு!” என்று டிவியில் மூக்கு உரச உட்கார்ந்து, தீக்குச்சியால் எண்ணுவார். கதாநாயகி சாகக் கிடப்பாள், லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் விசும்புவார்கள். அண்ணன் துள்ளி எழுவார்: “கண்ணீரு தனியா தெரியுதா பாருங்க! வி.எச்.எஸ்.ல இது வெறும் வேர்வதான்லா!”

“தள்ளி உக்காருண்ணே! மறைக்கிற உன் தலையில எத்தன கோடு?” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

என் கல்யாணத்தையும் இரவல் கேமராவில், பீட்டாவில், அவர்தான் பிடித்தார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோட்டைப் பற்றி அவரோடு வாதாட ஆகுமா? அப்போது கோலா பிலா ஆஸ்பத்திரியில் கிடந்த மாமனாரால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. தேறியதும், “ஞாயித்துக்கெழம வந்து எம்பொண்ணு கல்யாணத்தப் பாக்கறேன் மாப்ள” என்று சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை கேசட்டை எடுத்தால், நாடாவெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. மழை தூறினாலே கூரை பறக்குமோ என்று கலங்குகிறவன் நான். அண்ணனிடம் ஓடினேன்.

“ஈரந்தாண்டா தம்பி. குடு, காலையில காஞ்சிரும்.”

எங்கே காயவைப்பார்? புகைவீட்டில்தான். ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே என் கல்யாணம் கம்பியில் தொங்கியது. காலையில், கேசட்டுக் கூடு சூட்டில் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து திரும்பி வந்தது.

“அண்ணே, மாமா பஸ்ஸு எறங்கிட்டாருண்ணே!”

“சும்மா இருலா.”

யாரையும் தொடவிடாத தன் உயிர்க் கேசட்டை எடுத்தார். எஸ்டேட்டிலேயே படம் தெளிவானது அதுதான் என்பார். ஸ்குரூவைக் கழற்றி, அதன் நாடாவைச் சுருள் சுருளாக வெளியே போட்டார். சூட்டுக்குத் தப்பித்த என் கல்யாண நாடாவைத் துணியால் துடைத்து, அந்தக் கூட்டுக்குள் சுற்றினார்.

படம் ஓடியது. பாதித் திரை புள்ளி புள்ளியாக இருந்தது. தாலி கட்டும்போது என் தலையே காணோம். வீடெல்லாம் புகை வாசம். மாமனாரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. அண்ணன்தான் அன்று டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தனியா தெரியுதுலா தம்பி,” என்று என் காதில் சொன்னார். நிமிர்ந்தேன். மாமனார் கன்னத்தில் ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என் வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி. கோடே தெரியாத படம். முன்னால் வந்து உட்கார்ந்து மறைக்க அந்தத் தலைதான் இல்லை.