கராமோன் முசேவும் காய்ந்துபோன பன்னும்

புதுச்சேரியில் எனக்குக் கோபமூட்டும் விஷயங்களின் பட்டியல் நீளமானது. ஒருவழிப் பாதையில் எதிரே வரும் வாடகை ஸ்கூட்டர். ஒரு மழைக்கே குளமாகும் தெரு. கடற்கரைச் சாலையை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும் கூட்டம். இவை அத்தனையும் ஒரு தட்டில், கராமோன் முசே இன்னொரு தட்டில் என்றால், முசே இருக்கும் தட்டுதான் தரையைத் தொடும்.

பொறியியல் முடித்துவிட்டு, பெயர்ப்பலகையும் பேனரும் செய்யும் ஓர் அச்சுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர்தான் முசே. 'முசே' என்பது பிரெஞ்சு 'ஐயா'வை எங்கள் ஊர் சுருக்கிக்கொண்டது. 'கராமோன்' அவருடைய வியாதியின் பெயர்.

கராமோன் பிரெஞ்சுக்காரர்களின் பழைய புத்தக எழுத்துரு. கோடுகள் மெல்லியவை, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னப் பாதம் இருக்கும். கையில் பிடித்துப் படிக்க அருமையான எழுத்து, நான் மறுக்கவில்லை. ஆனால் முசேவுக்கு உலகத்தில் வேறு எழுத்தே கிடையாது. 'கராமண்ட்' என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் அன்று முழுக்க நம்மோடு பேசமாட்டார். பாதமில்லாத எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வெறுங்கால்ல நிக்குது பாரு, வெக்கமில்லாம!"

நான் அவசர வேலையில் இருக்கும்போதுதான் திரையைத் தட்டிப் பாடம் நடத்துவார். "இந்த சின்ன 'a'வோட வயித்தப் பாரும்மா. முட்ட முட்டத் தின்ன வயிறா? இல்ல. இன்னும் ஒரு இட்லிக்கு எடம் வெச்சிருக்கு. அதாம்மா அழகு."

வட்டாரத் தலைவர் ஒருவரின் பிறந்தநாள் பேனரில் அவர் பெயரை ஆங்கிலத்தில், அதையும் கராமோனில்தான் போட்டார். ஆதரவாளர்கள் கடைக்குள் புகுந்தார்கள்.

"இன்னாண்ணே இது? எங்க அண்ணன் பேரு கொசு மாதிரி இருக்குது!"

"தலைவருக்கு அடக்கம் வேணாமா தம்பி?"

"கொசுவாவது கடிக்கும்ணே. இது அதுகூட செய்யல."

பேனரை நான் மறுபடி செய்தேன். திட்டும் நான்தான் வாங்கினேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஷமீம் அக்கா விஷயத்தில் முடியவில்லை.

அக்கா, ஹோட்டல் சமையல் வேலையை விட்டுவிட்டு, மீனவர்கள் வாழும் குருசுக்குப்பம் போகும் வழியில் 'நூர் பேக்கரி' திறந்திருந்தார். ரம்ஜானுக்குள் கடை சூடு பிடிக்கவில்லையென்றால் மூடிவிட வேண்டும் என்று அவருடைய அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார். முசே செய்த பலகை, சந்தன நிறத்தில் பொன்னிற கராமோன். தமிழ் ஒரு மூலையில், எறும்பு அளவில். நான் விடுப்பில் இருந்த வாரம் நடந்த அநியாயம் இது.

திரும்பி வந்ததும் பலகையைப் பார்க்கப் போனேன். ஸ்கூட்டரில் வந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, "பக்கத்துல பேக்கரி எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்காவைக் கையோடு எங்கள் அச்சுக் கடைக்கு அழைத்துவந்து முசே முன்னால் நிறுத்தினேன். விரல் விட்டு எண்ணினேன்: கோடு மெல்லிசு, சின்ன எழுத்துகள் ரொம்பக் குள்ளம், நிறம் பின்னணியோடு கரைகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக இது பலகைக்கான எழுத்தே இல்லை.

"அவசரத்துல போறவனுக்காக எழுத்து குண்டாவணுமா?" என்றார் முசே.

அக்கா பொறுமையாகச் சொன்னார்: "எழுத்து அழகாத்தான் இருக்குது முசே. என் பன்னுதான் காஞ்சி போவுது."

"வண்டியில ஏறுங்க" என்றேன் முசேவிடம். நான் கத்தவில்லை. அதனாலேயே பயந்து ஏறினார் என்று நினைக்கிறேன். ஊர் வண்டிகள் போகும் வேகத்தில்தான் ஓட்டினேன். குருசுக்குப்பத்தின் படகுகள் கண்ணில் பட்டதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் எவ்ளோ தூரம்மா போவணும், பேக்கரிக்கு?"

"அப்பவே தாண்டிட்டோம் முசே."

அவர் வண்டியிலேயே திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். வழக்கமாக அவர் பேசினால்தான் எனக்குக் கோபம் வரும். அன்று திரும்பிப் பார்த்ததற்கும் வந்தது.

மறுநாள் மாலை பேக்கரியில் புதுப் பலகை இருந்தது. மஞ்சளில் கறுப்பு. தமிழ் பெரிதாக, கீழே ஆங்கிலம் குண்டுகுண்டாக, பாதமே இல்லாமல். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"யாரு முசே போட்டது?"

"நாந்தான். நீ போட்டா இன்னும் அசிங்கமா போட்டிருப்ப."

ரம்ஜான் நோன்பு தொடங்குமுன்பே கடை சூடு பிடித்து, அக்காவின் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வாயில் எப்போதும் பன் இருந்தது. தினமும் மாலையில் முசே பேக்கரிக்கு வருவார். வெயில் முகத்தில் அடித்தாலும் பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். பன் சுற்றித் தரும் தாளில் மட்டும் கடைப் பெயரைக் கராமோனில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். கையில் பிடித்தால், படிக்கும் தூரத்தில், அது இருக்கவேண்டிய அளவில் இருந்தது. இது முதலிலேயே தோன்றியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது வேறு ஊரில், செல்பேசித் திரைகளுக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன். பாதமில்லாத எழுத்துகளுக்கு நடுவில்தான் பிழைப்பு. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வெண்ணெய்க் கறை படிந்த பன் தாள் ஒன்று இருக்கிறது. அந்தச் சின்ன 'a'வின் வயிற்றில் இன்னும் ஓர் இட்லிக்கு இடம் இருக்கிறது.