சங்குவாசல்துறையின் முதல் மண்வெட்டி யாருக்கு?

சங்குவாசல்துறை,
1934 புரட்டாதி 12.

துறைமுகச் சபைக்குச் சரித்திரம் எழுதும் என் தம்பி மகன் நல்லரத்தினத்துக்கு மாமி அன்னப்பூரணி எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடச் சுகத்தை மண்டூர் முருகன் பார்த்துக்கொள்வான். உம்மோடு கோபமாக இருப்பதால் நான் விசாரிக்க முடியவில்லை.

உமது புத்தகத்தை நானே வாசித்தேன். ஐந்தாம் வகுப்பு என்றாலும் முதற்பிள்ளையாகத் தேறினவள். பறங்கியும் ஒல்லாந்தனும் இங்கிலீசுக்காரனும் நம் துறைவாசலில் வரிசையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுத் திரும்பிப் போனதை நன்றாக எழுதியிருக்கிறீர். ஆனால் பட்டினத்தை உண்டாக்கியவர் மலாக்காவிலிருந்து வந்த கப்பல் தச்சன் சீனித்தம்பி என்று எழுதியது என்ன நியாயம்? அவர் என் புருசனுக்குத் தகப்பன்வழியில் பாட்டனுக்குப் பாட்டன். தான் கட்டிய கப்பல் வாவியில் மூழ்க, நனைந்த வேட்டியோடு கரையேறினவர். அவருக்குச் சோறும் பாயும் கொடுத்தவள் எங்கள் குடிப் பெண். அப்போதே எங்களுக்கு இங்கே அடுப்பு எரிந்திருக்கிறதே, பட்டினம் யாருடையது? குடி என்பது தாய்வழி. தகப்பன்வழியைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாரும் கடலுக்குள்ளேதான் போய் முடிவோம்.

மாரியில் வாவி நிரம்பி, நீர் கடலுக்குப் போக மணல்மேட்டில் முகத்துவாரம் வெட்டும் நாளில், பட்டினத்தை உண்டாக்கியவர் வழிப் பெண்தான் முதல் மண்வெட்டி போடுவது வழக்கம்; இம்முறை அதை என் பேத்தி புஸ்பம் போட வேண்டும். சேலையும் எடுத்தாயிற்று. சபைக் கிளாக்கர் அசனாரோ, "ஆச்சி, இனிப் புத்தகத்தில உள்ளபடிதான். தச்சன்ட தகப்பன்வழிப் பொம்புளப் புள்ளைக்குத்தான் மண்வெட்டி. நான் சொல்லுறத்த முழுசாக் கேளுங்க" என்றார். "புத்தகத்தக் கரையான் தின்னும், குடியத் தின்னுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் திருத்தி எழுதும். என் தாய் பொன்னாத்தை. அவள் தாய் சின்னாத்தை. அவள் தாய் மறுபடியும் பொன்னாத்தை, ஆனால் இவள் கறுத்தவள். அதற்கு மேலே இரண்டு சகோதரிகள். எவளிடமிருந்து நாங்கள் வந்தோம் என்பது காலையில் தெரிந்திருந்தது, இப்போது குழம்பிவிட்டது. எவளானாலும் பெண்தான்.

நீரும் பிள்ளைகளும் நெல்லும் மீனும் குறையாமல் வாழ்க.

இப்படிக்கு,
மாமி அன்னப்பூரணி

பி.கு.: ஒட்டுமுன் கடிதத்தை என் மகன் பெண்சாதி கண்ணகைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே, "மாமி, தாய்வழி எண்டால் புஸ்பம் என்ட குடியெல்லோ? நீங்க அவளுக்குத் தகப்பன்ட தாய். எங்கட குடிக்கு மண்வெட்டி எங்க இருக்கு?" என்றாள். நான் வெற்றிலையை மென்றபடி புஸ்பத்தின் தகப்பன்வழியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மகன் நல்லரத்தினம், உமது புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாற்றவேண்டாம். சீனித்தம்பியார் கெட்டிக்காரத் தச்சன். அன்றைக்குக் காற்றுத்தான் சரியில்லை.