சனிக்கிழமை நாலு மணி ஏற்றம்

“மொதலாளி, வண்டி ஒங்கள கூட்டிக்கிட்டுப் போவுதா, இல்ல நீங்க வண்டிய கூட்டிக்கிட்டுப் போறீங்களா?”

மூன்று வருடங்களுக்கு முன்பு, மூங்கிலோடைத் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் நின்றுகொண்டு ஆறு வயதுப் பெரியாயி கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் பதுளைக் கடைத்தெரு ஜவுளி வியாபாரி ஹுமைத் முதலாளி. அன்றுதான் அவர் தமது புது மோட்டார் சைக்கிளை முதன்முதலாகத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சரியாகச் சொன்னால், பாதி வழி ஓட்டி, மீதி வழி தள்ளிக்கொண்டு வந்திருந்தார். குழந்தையின் தாய் இராக்கம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் முதலாளியின் மனம் நோகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

ஹுமைத் நல்ல மனிதர். அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தாம் கெட்டிக்காரர் என்பது மட்டுமே. பெரிய காய்ச்சல் வந்த வருஷம் இராக்கம்மாவின் புருஷன் கணபதி இறந்தபோது, மூட்டையைப் பிரித்து வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, பேரைக்கூட எழுதிக்கொள்ளாமல் போனவர் அவர். மறுநாளே அதை மறந்தும் போனார். ஆனால் பெரியாயியின் கேள்வியை மட்டும் மூன்று வருடமாக மறக்கவில்லை.

மறக்காவிட்டாலும் கவலைப்படத் தேவையில்லாமல் போயிற்று. மூன்றாம் வாரமே வண்டி ஏறத் தொடங்கிவிட்டது. ஓடைப் பாலத்திலிருந்து லயம் வரைக்கும் ஒரே ஏற்றம். நடுவில் ஒரு கொண்டை வளைவு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். பாலம் தாண்டியதும் இருமித் திணறுகிற வண்டி, வளைவை நெருங்கும்போது எங்கிருந்தோ பலம் வந்ததுபோல் விறுவிறுவென்று மேலே போய்விடும். 

“எல்லாம் மணிக்கட்டில ஈக்கி” என்று கடைத்தெருவில் விளக்குவார் ஹுமைத். “வளைவு வாற நேரம் பிஸ்மி சொல்லி, பிடிய அரைச் சுத்து முன்னுக்கு, கால் சுத்து பின்னுக்கு. அவ்வளவுதான்.”

கதையைச் சொல்லச் சொல்ல அதிலிருந்து பிஸ்மி உதிர்ந்து போயிற்று. மணிக்கட்டு மட்டும் மிஞ்சியது.

இந்தப் புகழ் பண்டாரவளை வரைக்கும் போய், மாவு வியாபாரி அலவியின் காதில் விழுந்தது. அலவியிடம் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது. இரட்டை எஞ்சின், பக்கத்தில் ஓர் ஆள் கால்நீட்டி உட்காரும் தொட்டி, நுவரெலியா போய் வந்தாலும் முதுகு வலிக்காத ஆசனம்.

“எண்ட வீட்டு ஒழுங்கைக்குள்ள தொட்டி நுழையுதில்ல நானா” என்றான், ஹுமைதை அண்ணன் முறை வைத்து அழைக்கும் அலவி. “ஒங்கட சின்ன வண்டியத் தாங்கொ, இதை எடுத்துக்கொள்ளுங்கொ. மேலதிகமா, தீபாவளிக்கு எடுத்து வெச்சீக்கிற ரெண்டு பேல் துணி. அவ்வளவுதான்.”

அந்த இரண்டு பேல்தான் ஹுமைதின் வருஷம். தீபாவளிக்குத் தோட்டத்தில் விற்பதை வைத்துத்தான் மறு தீபாவளி வரை அவர் வீட்டில் உலை கொதிக்கும். ஒன்றரை இரவு யோசித்தார். மனைவி ஜெனீராவிடமும் கேட்டார். அதாவது, தாம் முடிவு செய்ததை அவளிடம் சொன்னார்.

“தொட்டில நீ ஏறினா வெலிமடைக்கு ஒண்ட தங்கச்சி நளீராவப் பாக்க ராணி மாதிரிப் போகலாம்.”

“மரக்கறிக் கடை லீக்ஸ் மூட்ட மாதிரிண்டு சொல்லுங்கொ” என்றாள் ஜெனீரா. “இப்ப வண்டிய மட்டும் தள்ளுறீங்க. புறகு என்னையும் சேத்துத் தள்ளுவீங்க.”

“நான் எங்க தள்ளுற? மூணு வருஷமா அது தானா ஏறுது!”

“தானா ஏறுற சாமான் இந்தப் பதுளைல விலவாசி மட்டும்தான்” என்று அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல் துணி விற்கப் போனபோதே ஹுமைத் லயத்தில் செய்தியை அறிவித்தார். “தீவாளிக்கு முந்தி பெரிய வண்டில வருவேன்! இது மாதிரி ரெண்டு மடங்கு!”

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

இராக்கம்மாதான் மெல்லக் கேட்டாள். “அது என்னா கனமுங்க மொதலாளி இருக்கும்?”

“கனமா? நாலு ஆள் கனம்!” என்றார் பெருமையாக.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டி ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை கொடுப்பேன் என்று அலவி சொல்லியிருந்தான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். தன் பெரிய வண்டியை ஓடைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, “பண்டாரவளைல இருந்து வந்த சூடு, ஆறட்டும்” என்று நடந்தே மேலே போய், லயத்து முகப்பில் நின்றுகொண்டான். பாரமில்லாத வண்டி பறக்கும் என்று மூட்டைகளைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்த ஹுமைத், பாலத்திலிருந்து கிளம்பினார்.

வளைவுக்கு முன்பு மணிக்கட்டைத் திருப்பினார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். வண்டி ஒரு தரம் இருமியது. பிறகு நின்றது. பிறகு, தயங்காமல், பின்னால் போகத் தொடங்கியது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தவரிடம் அலவி கேட்டான். “மணிக்கட்டில சுளுக்கா நானா?”

“பாரமில்ல, அதுதான்!” என்றார் ஹுமைத் மூச்சு வாங்க. “பின்னுக்கு மூட்ட இருந்தாத்தான் சக்கரம் நிலத்தப் பிடிக்கும். இது பாரத்துக்குப் பழகின வண்டி.”

வியாழக்கிழமை காலை பாரத்தோடு வந்தார். வழக்கத்தைவிட ஒரு மூட்டை கூடுதலாகக் கட்டியிருந்தார். தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். இந்தத் தடவை வண்டி வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் தோல்பட்டி மழையில் நனைந்து வழுக்க, வண்டி வாய்க்காலில் சாய, மூட்டை அவிழ்ந்து பதினெட்டுச் சேலைகள் தேயிலைச் செடிகளின் மேல் விரிந்தன. மழை விட்டு வெயில் அடித்திருந்தால் காயப்போட்ட மாதிரி இருந்திருக்கும்.

“பாரம் போதுமா நானா, இன்னும் கொஞ்சம் ஏத்தவா?” என்றான் மேலேயிருந்து இறங்கி வந்த அலவி.

சேற்றைத் துடைத்தபடி ஹுமைத் யோசித்தார். கெட்டிக்காரர்களுக்குக் காரணம் கிடைக்காமல் போகாது.

“இது சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் இந்தப் பக்கம் வரும். அந்தக் காத்து, அந்த ஈரம், அதுக்குத்தான் எஞ்சின் பழகியீக்கிது. சனிக்கிழமை நாலு மணிக்கு வா, காட்டுறேன்.”

“வண்டிக்கும் கிழமை தெரியுமா?”

“அதெல்லாம் எஞ்சின் சமாச்சாரம். ஒனக்கு வெளங்காது. ஒண்ட வண்டியும் அண்டைக்கு ஏறணும். ரெண்டு நாளாப் பாக்குறேன், பாலத்தடிலயே குந்தீக்கிது.”

அலவி தாடியைத் தடவினான். “ஏறும், ஏறும்” என்றான், கொஞ்சம் தாமதமாக.

அன்றிரவு சேலைகளை அலசிக்கொண்டே ஜெனீரா கேட்டாள்: “சனிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் ஏறுற வண்டிய நீங்க எங்கசரி கேள்விப்பட்டீக்கிறீங்களா?”

“நீ எஞ்சினப் பத்தி என்னத்தக் கண்ட?”

“எஞ்சினக் காணல்ல. ஒங்களக் கண்டீக்கிறேன்” என்றாள் அவள்.

சனிக்கிழமை வந்தது. மூங்கிலோடைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாலு மணிக்குக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பெண்கள் வெறுங்கூடையோடு லயத்துக்கு ஏறுகிற நேரம். ஹுமைத் அவர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். வண்டியைக் கிளப்பினார். பின்னால் மூட்டை மலை. முன்னால் கொண்டை வளைவு. அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் நேரே பாதாளம்தான்.

வளைவை நெருங்கினார். வண்டி இருமியது. மணிக்கட்டைத் திருப்பினார்.

பலம் வந்தது! விறுவிறுவென்று வளைவைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, லயத்து முகப்பில் அலவியின் காலடியில் போய் நின்றது வண்டி.

“மணிக்கட்டு!” என்றார் ஹுமைத். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

அலவி அயர்ந்து போனான். தன் வண்டியை எடுக்கக் கீழே நடந்தான். வளைவில் நாலைந்து பெண்கள் மண் திட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் போனதும் எழுந்து, அவன் பின்னாலேயே கீழே இறங்கினார்கள். தோட்டத்துப் பெண்கள் ஏறின மலையை எதற்கு மறுபடி இறங்குகிறார்கள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அவன் ஏற்றத்தின் கவலை.

தொட்டியில் இரண்டு மாவு மூட்டை, காதை மூடிய தோல் தொப்பி, இரட்டை எஞ்சினின் இரைச்சல். மேலே நின்ற ஹுமைதுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. வளைவில் அது விக்கியது, அடங்கியது, இதோ நின்றுவிட்டது என்று நினைத்தபோது மறுபடி எழும்பியது. மெல்ல மெல்ல, பட்டத்து யானை வருகிறாற்போல், பெரிய வண்டி மேட்டில் தலை காட்டியது.

அலவியின் முகத்தில்தான் எல்லோரையும்விட அதிக ஆச்சரியம். ஆனால் அவனும் வியாபாரி. நொடியில் முகத்தைச் சரி செய்துகொண்டான்.

“பாத்தீங்களா நானா?”

“பாத்தேன். ஒனக்கும் நல்ல மணிக்கட்டுதான்.”

இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். நாளைக் காலை பதுளையில் வண்டி மாற்றம். இரண்டு பேல் துணியோடு. மனம் மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அலவி இறக்கத்தில் பறந்து போனான். இறக்கத்தில் எல்லா வண்டியும் பறக்கும்.

ஹுமைத் மூட்டையைப் பிரித்துக் கடை விரித்தார். பெண்கள் அன்றைக்கு வெகு தாமதமாக வந்து சேர்ந்தார்கள். முழங்கால் வரை சேறு. உள்ளங்கையெல்லாம் கரி. ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துணியைத் தொடாமல் எட்ட நின்றே பார்த்தார்கள்.

“என்ன, இண்டைக்குக் கொழுந்து கூடவா?” என்று விசாரித்தார் ஹுமைத்.

“ஆமாங்க, கொஞ்சம் கூடத்தாங்க” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பொழுது சாயத் தொடங்கியது. ஒவ்வொருவராகப் போனார்கள். ஹுமைத் மஃரிப் தொழுகைக்கு முன்பு பதுளை சேரவேண்டுமென்று அவசரமாக மூட்டை கட்டினார். இராக்கம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மகள் பெரியாயியைக்கூட முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். சுற்றிலும் ஒருவருமில்லை.

“மொதலாளி, எங்க வீட்டுக்காரரு செத்தப்ப ஒரு வெள்ளத் துணி குடுத்தீங்களே...”

“எந்தத் துணி?” அவருக்கு மெய்யாகவே நினைவில்லை.

“பெரிய காச்ச வருஷங்க. எட்டு மொழம்.”

“எண்ட கணக்கில அப்பிடி ஒண்டும் இல்லியே புள்ள.”

“எங்க கணக்குல இருக்குதுங்க” என்றாள் இராக்கம்மா. கையிலிருந்த கரியைச் சேலையில் துடைத்தாள். பிறகு, அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று தெரியாதவள்போல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“அந்தப் பெரிய வண்டி வேணாங்க மொதலாளி. இன்னிக்கு அதையும் தள்ளிப் பாத்துட்டோம், எட்டுப் பேருக்கே நாக்குத் தள்ளிருச்சு. சின்னதுன்னா எப்பவும்போல நாங்க நாலு பேரு போதுங்க.”